நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது பூம் ஆடுமா? 3 மீட்டர் மேக்னட்டோமீட்டர் பூமுக்கு வெப்ப அதிர்வுக் கணக்கு

நுனிநிறை:

வணக்கம். 12யு அளவு (10 செ.மீ. கனசதுரங்கள் பன்னிரண்டு சேர்ந்தது) சிறு செயற்கைக்கோள், மொத்தம் 20 கிலோ. 600 கி.மீ. உயரத்தில் சூரிய ஒத்திசைவுச் சுற்றுப்பாதை, காலை 10.30 மணிக் கடப்பு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை நிழலுக்குள் போய் வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் பூம் (கருவியைத் தள்ளிப் பிடிக்கும் நீள் கம்பம்) நீள்கிறது. பெரிலியம் காப்பர் பட்டை, விரியும்போது தானே சுருண்டு குழாயாகும் ஸ்டெம் வகை. விட்டம் 12 மி.மீ., தகடு 0.1 மி.மீ., நீளம் 3 மீட்டர், நுனியில் 300 கிராம் மேக்னட்டோமீட்டர் (காந்தப்புலம் அளக்கும் கருவி). மேலே பூச்சு எதுவும் இல்லை. நெடுக உள்ள விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், பற்கள் கிடையாது.

அடியை இறுகப் பிடித்ததாக வைத்து இயல்பு அதிர்வெண் 0.28 ஹெர்ட்ஸ் வருகிறது. வெப்ப மாதிரியை ஓட்டி வெப்பநிலைகளை நாஸ்ட்ரான் என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் பூம் நீளுகிறதே தவிர வளையவே இல்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் சூரியத் தகடுகள் வெயிலில் ஆடிய சிக்கலைப் பற்றிப் படித்த பிறகு இந்தப் பூஜ்யத்தை நம்ப முடியவில்லை. வெயில் பட்டவுடன் இது ஆடத் தொடங்குமா? எவ்வளவு ஆடும்? கையால் கணக்கிட்டுப் பார்க்க வழி உண்டா?

வெயில்முகம்:

நம்பாதது சரி. உங்கள் வெப்ப மாதிரியில் குழாயின் சுற்றளவை எத்தனை கணுவாக, அதாவது வெப்பநிலை கணக்கிடும் துண்டாக, பிரித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வளையத்துக்கு ஒரே கணு என்றால் வெயில் படும் பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே வெப்பநிலைதான் கிடைக்கும், வளைவதற்குக் காரணமே இருக்காது. குறைந்தது 8, முடிந்தால் 12 கணு வையுங்கள். இன்னொன்று, வெளியீட்டு இடைவெளி. 60 விநாடிக்கு ஒரு முறை எழுதச் சொல்லியிருந்தால் நமக்கு வேண்டிய நிகழ்வு முழுவதும் இரண்டு வரிகளுக்கு இடையில் நடந்து முடிந்துவிடும். நிழல் எல்லையைச் சுற்றி 2 நிமிடத்துக்காவது அரை விநாடி இடைவெளி தேவை.

இனி கைக்கணக்கு. மெல்லிய குழாயில் பக்கவாட்டில் வெயில் விழும்போது, சுற்றளவு நெடுக வெப்பநிலை ஏறத்தாழக் கொசைன் வடிவில் மாறும். அந்தக் கொசைனின் வீச்சுதான் குழாயை வளைக்கிறது. உங்கள் தடிமனில் அதை முடிவு செய்வது பெரும்பாலும் சுற்றளவு வழியே ஓடும் வெப்பக் கடத்தல், கதிர்வீச்சின் பங்கு சொற்பம். ஆகவே நிலையான வீச்சு = உட்கவர் திறன் × சூரிய வெப்பப்பாய்வு × ஆரத்தின் வர்க்கம் ÷ (2 × கடத்தல் எண் × தடிமன்). உட்கவர் திறன் 0.4, பாய்வு சதுர மீட்டருக்கு 1360 வாட், ஆரம் 6 மி.மீ., கடத்தல் எண் 105 என்று போட்டால் 0.93 டிகிரி. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையில் 1.9 டிகிரிதான். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் விரிவுக் குணகம் (டிகிரிக்கு 1 மீட்டரில் 17 மைக்ரான்) × வீச்சு ÷ ஆரம் என்று வளைவு கண்டு, நீளத்தின் வர்க்கத்தில் பாதியால் பெருக்குங்கள். நுனி 12 மி.மீ. நகரும். சூடான பக்கம் நீளுவதால் பூம் வெயிலுக்கு முதுகைக் காட்டி அப்பால் சாயும்.

இது எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதற்கு ஒரு கால மாறிலி உண்டு: அடர்த்தி × தன்வெப்பம் × ஆரத்தின் வர்க்கம் ÷ கடத்தல் எண். உங்களுக்கு 1.2 விநாடி. பூமின் சராசரி வெப்பநிலை ஏறச் சில நிமிடம் ஆகும், அது வேறு கடிகாரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "பூம் மெதுவாகத்தானே சூடாகிறது, ஆடாது" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. வளைப்பது சராசரி ஏற்றம் இல்லை, இரு பக்க வேறுபாடு. அது ஒரு மூச்சு விடும் நேரத்தில் முழுதாக வந்துவிடும்.

இந்தக் கால மாறிலியைப் பூமின் அலைவோடு ஒப்பிடுவதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. 1956-இல் போலி (Boley) என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்தது. கோண அதிர்வெண்ணையும் கால மாறிலியையும் பெருக்குங்கள், இதைப் பெருக்கம் என்று சொல்லிக்கொள்வோம். வெயில் சட்டென்று விழுந்தால் மிஞ்சும் அலைவின் வீச்சு, நிலையான நகர்வை 1 + பெருக்கத்தின் வர்க்கம் என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்தது. பெருக்கம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் நுனி 12 மி.மீ. தள்ளி நின்று, அதைச் சுற்றி இன்னொரு 12 மி.மீ. ஆடும். 0.28 ஹெர்ட்ஸுக்குப் பெருக்கம் 2.1, வீச்சு 5 மி.மீ.

ஆனால் வெயில் சட்டென்று விழுவதில்லை. சூரியத் தட்டின் அகலம் 0.53 டிகிரி, நீங்கள் விநாடிக்கு 0.062 டிகிரி நகர்கிறீர்கள். சூரியன் ஓரளவு மட்டும் மறைந்திருக்கும் புறநிழலைக் கடக்கவே 8.5 விநாடி. அந்த ஏற்றம் உங்கள் 3.6 விநாடி அலைவை இன்னும் 7 மடங்கு அடக்கும். மீதி 0.7 மி.மீ. மாதிரியில் புறநிழலை அணைத்து வைத்திருந்தால் இந்த 7 மடங்கு கிடைக்காது, அநாவசியமாகப் பயப்படுவீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. நுனி 12 மி.மீ. நகரும்போது நுனியின் சாய்வு 0.46 டிகிரி. 45,000 நானோடெஸ்லா புலத்தில் அந்தச் சாய்வு குறுக்குக் கூறில் 360 நானோடெஸ்லா பிழை. ஆட்டம் அடங்கிய பிறகும் இது போகாது, வெயில் இருக்கும்வரை நிற்கும். புவிக்காந்தத்தை அளக்க 1999-இல் போன ஓர்ஸ்டெட், 2013-இல் போன ஸ்வார்ம் இரண்டிலும் நட்சத்திரக் கேமராவைக் கொண்டுபோய்ப் பூமிலேயே, மேக்னட்டோமீட்டரோடு ஒரே இறுக்கமான தளத்தில் வைத்தது இதனால்தான்.

திருகுவிசை:

வெயில்முகம் சொன்ன வெப்பக் கணக்கில் குறையில்லை. ஆனால் 0.28 ஹெர்ட்ஸை அப்படியே எடுத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. விண்வெளியில் பூமின் அடியைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. 20 கிலோப் பெட்டியின் நிலைமத் திருப்புத்திறன் 0.22 கிலோ-சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். 3 மீட்டர் தள்ளி நிற்கும் 300 கிராமுக்கோ அது 3.2. நாய் வாலை ஆட்டுவதற்குப் பதில் வால் நாயை ஆட்டும் அமைப்பு இது.

கோண உந்தம் பூஜ்யம் என்று வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் அதிர்வெண் கிட்டத்தட்ட 4 மடங்கு ஏறி 1.1 ஹெர்ட்ஸ் ஆகிறது. பெருக்கம் 8-ஐத் தாண்டுகிறது, புறநிழல் இன்னும் பலமாக அடக்குகிறது, மிஞ்சும் அலைவு 0.05 மி.மீ.தான். வளைவு அதிர்வை மறந்துவிடலாம்.

அதற்குப் பதிலாகப் பெட்டி திரும்பும். பூம் 12 மி.மீ. வளையும்போது நுனி தன் இடத்திலிருந்து 1 மி.மீ.கூட நகராது. பெட்டிதான் எதிர்ப்பக்கம் 0.2 டிகிரி திரும்பும், அதுவும் 8-10 விநாடிக்குள். சராசரியாக விநாடிக்கு 0.024 டிகிரி. சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோவில் ஒவ்வொரு நிழல் வெளியேற்றத்திலும் ஒரு மேடாகத் தெரியும், நிழலுக்குள் நுழையும்போது அதே மேடு தலைகீழாக. வெளியிலிருந்து எந்தத் திருப்புவிசையும் வராமலே பெட்டி திரும்புவதைப் பார்த்து, கைரோ பழுது என்றோ, பெட்டியைத் திருப்பும் சுழல் சக்கரமான ரியாக்ஷன் வீலில் உராய்வு என்றோ தேட ஆரம்பித்துவிடுவார்கள். சூரியக் கோணத்தோடு வரைந்து பாருங்கள். வெயில் பூமின் நீளவாக்கில் வரும் நாட்களில் மேடு மறைந்தால் காரணம் வெப்பம்தான்.

இதற்குத் தெர்மல் ஸ்னாப் என்று பெயர். ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கட்டுப்பாட்டு ஆட்களோடு பேசுவது சுலபம்: பெட்டி திரும்பும் கோணம் வெப்பநிலை வேறுபாட்டைப் பின்தொடரும். திரும்பும் வேகம் அந்த வேறுபாடு மாறும் வேகத்தைப் பின்தொடரும். திருப்புவிசையோ அந்த வேகம் மாறும் வேகத்தை. ஆகவே திருப்புவிசை வெயில் தொடங்கும்போது ஒரு பக்கமும், வேறுபாடு நிலைபெறும்போது எதிர்ப்பக்கமுமாக இரண்டு முறை வரும். பெட்டியை அசையாமல் பிடிக்க ரியாக்‌ஷன் வீல் சுமார் 1.4 மில்லி நியூட்டன்-மீட்டர்-விநாடி உந்தத்தை வாங்கித் திருப்பித் தர வேண்டும், திருப்புவிசை அரை மில்லி நியூட்டன்-மீட்டர் வரை. இந்த அளவுச் செயற்கைக்கோளில் வைக்கும் வீல்களுக்கு உந்தம் பிரச்சினை இல்லை, திருப்புவிசைதான் விளிம்பில் நிற்கும். வீல் தேர்வுக்கு முன்னால் இந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

ஒற்றைப் பக்கம் நீட்டியவற்றுக்கே இது அதிகம். 1991-இல் ஏவிய யூஏஆர்எஸ், 1992-இல் ஏவிய டோபெக்ஸ் என்ற செயற்கைக்கோள்கள் இரண்டுக்கும் ஒரே பக்கம் சூரியத் தகடு, இரண்டிலும் ஒவ்வொரு நிழல் எல்லையிலும் இந்தத் தள்ளல் இருந்தது. இரு பக்கமும் சமமாக இருந்தால் இரண்டு இறக்கைகளின் திருப்புவிசையும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். அப்படியிருந்தும் ஒற்றை இறக்கை ஏன் வைக்கிறார்கள் என்றால், கருவிகளைக் குளிர்விக்கும் பக்கம் வெறும் வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நம் இன்சாட்-2 வரிசையில் வானிலைக் கேமராவின் குளிர்விப்பானுக்காக வடக்குப் பக்கத்தைக் காலியாக விட்டது அதற்குத்தான். புவிநிலைப் பாதையில் புறநிழலே 2 நிமிடம் நீள்வதால் அங்கே தள்ளல் மென்மையாக இருக்கும். தாழ்ந்த பாதைதான் கடுமை.

நுனிநிறை:

இரண்டு பேருக்கும் நன்றி. 12 கணு வைத்து ஓட்டியதில் நுனி நகர்வு 11.6 மி.மீ. வருகிறது, கைக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

இரண்டு சந்தேகம். பெரிலியம் காப்பர் பட்டை கிடைக்கத் தாமதமாகும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை வைக்கலாமா என்ற பேச்சு இருக்கிறது. அடுத்து, ஆட்டம் தானாக வளர்ந்துகொண்டே போகும் நிலை ஒன்று உண்டு என்கிறார்களே, டேம்பிங் (ஆட்டத்தைத் தணிக்கும் தன்மை) எவ்வளவு இருந்தால் தப்பிக்கலாம்?

வெயில்முகம்:

ஸ்டீல் வேண்டாம். கடத்தல் எண் 105-இலிருந்து 16-க்கு இறங்குகிறது. அதே பூமில் வீச்சு 6 டிகிரி, நுனி நகர்வு 72 மி.மீ., சாய்வு 2.7 டிகிரி. அதோடு சுருளாக வேலை செய்யும் அளவுக்குக் குளிர் உருட்டலில் கடினமாக்கிய 301 வகை ஸ்டீல் காந்தத்தன்மை பெற்றுவிடும். மேக்னட்டோமீட்டரை அதன் நுனியில் வைத்துப் பயனில்லை.

பெரிலியம் காப்பருக்கு வெளியே வெள்ளி முலாம் போடுவதுதான் நல்ல செலவு. உட்கவர் திறன் 0.1-க்கு வந்தால் 12 மி.மீ. 3 மி.மீ. ஆகிவிடும், மற்ற எல்லா எண்ணும் அதே விகிதத்தில் குறையும். வெற்று உலோகம் வெயிலில் 140 டிகிரியைத் தாண்டிக் காயும். ஆனால் சுருளில் பல மாதம் கிடந்து உரசிய முலாம் விரியும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு 0.1 என்ற எண்ணை நம்புங்கள். கை ரேகை பட்ட இடமும் கறுத்துவிடும், கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள்.

முறுக்கிழை:

தானாக வளரும் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், இந்தப் பூமில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வளைந்தால் வெயில் விழும் கோணம் மாறும், கோணம் மாறினால் வெப்பம் மாறும், வெப்பம் மாறினால் வளைவு மாறும். இந்தச் சுற்றில் வெப்பம் சற்றுப் பின்தங்கி வருவதால், சில திசைகளில் அது ஆட்டத்துக்கு எதிராகவும் சில திசைகளில் ஆட்டத்தோடு சேர்ந்தும் தள்ளும். பூம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருந்தால் வெப்பமே டேம்பிங் தரும். சூரியனுக்கு அப்பால் சாய்ந்திருந்தால் டேம்பிங்கைத் தின்னும். தின்னும் அளவு ஏறத்தாழ: நுனிச் சாய்வில் பாதி × பெருக்கம் ÷ (1 + பெருக்கத்தின் வர்க்கம்). சாய்வை ரேடியனில் போட வேண்டும். பெருக்கம் 1 ஆக இருக்கும்போதுதான் இது உச்சம். உங்கள் வளைவு அதிர்வுக்குப் பெருக்கம் 8, ஆக 0.05 சதவீத டேம்பிங் இருந்தாலே போதும். அதுவரை நல்ல செய்தி.

இப்போது முறுக்கைப் பாருங்கள். விளிம்புகள் ஏறி நிற்கின்றன, பற்கள் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் இது குழாயே இல்லை, நெடுக வெட்டிய குழாய். மூடிய குழாயோடு ஒப்பிட்டால் முறுக்கு விறைப்பு 3 × (ஆரம் ÷ தடிமன்) வர்க்கம், அதாவது 10,800 மடங்கு குறைவு. தாளைச் சுருட்டி ஒட்டாமல் கையில் பிடித்து முறுக்கினால் எப்படி வழுக்கிக்கொண்டு திரும்பும், அப்படி. நுனியில் 8 செ.மீ. கனசதுர அளவுப் பெட்டி என்று வைத்தால் முறுக்கு அதிர்வெண் 0.13 ஹெர்ட்ஸ். கோண அதிர்வெண்ணாக்கி 1.2 விநாடியோடு பெருக்கிப் பாருங்கள்: 0.98. மிக மோசமான இடத்தில் சரியாகப் போய் நிற்கிறது. வெட்டு வெயிலுக்குப் பக்கவாட்டில் இருந்தால் வளைவும் முறுக்கும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், முறுக்கு திரும்பத் திரும்ப வெட்டின் திசையை மாற்றி வெப்பத்தை மாற்றும். சுற்றளவு வழி வெப்ப ஓட்டமும் அந்த நிலையில்தான் அறுபடுகிறது. வெட்டு நேராக வெயிலைப் பார்த்தாலோ நேர் பின்னால் இருந்தாலோ அந்த இடத்தில் ஓட்டமே இல்லை, அதனால் பாதிப்பும் இல்லை.

1967 ஜூலையில் போன ஓஜிஓ-4 செயற்கைக்கோளின் 18 மீட்டர் பூம் வெயிலில் ஆட்டம் பிடித்தது இந்த வகைக் குழாயில்தான். வெப்ப முறுக்கு ஆராய்ச்சி சூடுபிடித்ததே அதற்குப் பிறகுதான். 1968 ஜூலை 4 அன்று ஏவிய எக்ஸ்ப்ளோரர்-38-இல் 229 மீட்டர் நீள ஆன்டெனா பூம்களை வைத்தார்கள். நெடுக விளிம்புகளில் ஒன்றோடொன்று கோர்க்கும் பற்கள், வெளியே வெள்ளி, உள்ளே கறுப்பு, மேலெல்லாம் சிறு துளைகள். துளை வழியே புகுந்த வெயில் பின்சுவரின் உள்பக்கத்தைச் சுடும், முன்னும் பின்னும் சூடு சமமாகும். மிக அழகான தீர்வு என்பேன், நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கு 3 மீட்டர்தான், துளைகள் தேவைப்படாது. பற்கள் கட்டாயம் தேவை. பற்கள் கோர்த்தவுடன் முறுக்கு அதிர்வெண் பல மடங்கு ஏறி அந்த 0.98 கலைந்துவிடும். பற்கள் முழுதும் கோர்க்காமல் நுனியில் ஒரு அடி திறந்து நின்றாலும் வேலை கெடும், விரித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் விரல் நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் சுழல்வதாக இருந்தால் கணக்கே வேறு. 1990 நவம்பர் 4 அன்று, சூரியனை ஆராயப் போன யுலிசிஸ் விண்கலம் தன் 7.5 மீட்டர் அச்சுப் பூமை நீட்டியதும், நிமிடத்துக்கு 5 சுற்றில் சுழலும் அந்தக் கலம் தலையாட்டத் தொடங்கியது. ஒரு பக்கம் வெயில், சுழலச் சுழலச் சூடான பக்கம் மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணம். டிசம்பர் நடுவில் பூம் கலத்தின் நிழலுக்குள் போனதும் நின்றது. 1994-இல் வெயில் திரும்பியபோது தலையாட்டமும் திரும்பியது, தரையிலிருந்து இடைவிடாமல் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

திருகுவிசை:

ஹப்பிளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 22 மி.மீ. விட்டம், 0.235 மி.மீ. தடிமன், 6 மீட்டர் நீள ஸ்டீல் குழாய்க்கு மேலே உள்ள சூத்திரத்தைப் போட்டால் இரு பக்க வேறுபாடு 19 டிகிரி, கால மாறிலி 24 விநாடி, தனியாக நின்றால் நுனி 25 செ.மீ. வளையும். 1990-இல் போன முதல் சூரியத் தகடுகளின் பூம்கள் ஏறத்தாழ அந்த அளவு. 0.1 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குப் பெருக்கம் 15, அலைவு 7 சதவீதத்துக்கும் கீழே. பெரிய எண் இல்லை. ஆனால் தொலைநோக்கி 0.007 வில்விநாடிக்குள் அசையாமல் நிற்க வேண்டும். அந்தத் தேவைக்கு முன்னால் எந்த அலைவும் பெரிதுதான். 1993 டிசம்பரில் மாற்றிய புதுத் தகடுகளின் பூம்களுக்கு மடிப்புக் குழல் போன்ற வெப்பக் கவசம் போர்த்தினார்கள். பழையதில் ஒரு பூம் கோணி மடங்கிப்போய்ச் சுருட்ட முடியாமல் விண்வெளியிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

எந்த மாதிரியிலும் வராத ஒன்றும் உண்டு. தகரக் கொட்டகை காலை வெயிலில் டப் டப்பென்று சத்தம் போடுமே, அதேதான். கீலிலோ பூட்டிலோ உராய்வில் பிடிபட்டு நிற்கும் விரிவு திடீரென்று வழுக்கும். இது 1 ஹெர்ட்ஸ் கணக்கில் வராது, பத்து, நூறு ஹெர்ட்ஸ் அதிர்வுகளையும் சேர்த்துத் தட்டி எழுப்பும். பூம் பெட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் உங்கள் பிடிமானம் தளர்வாக இருந்தால் அங்கே எதிர்பாருங்கள். அந்த இடத்தில் இடைவெளி விடாமல் வில் அழுத்தம் கொடுத்துப் பிடிப்பதுதான் வழி.

நுனிநிறை:

பற்கள் கோர்க்கும் பட்டைக்கும் வெள்ளி முலாமுக்கும் மாற்றுகிறோம். தரையில் இதைச் சோதிக்க வெப்ப வெற்றிட அறை கட்டாயமா? எங்களுக்குக் கிடைக்கும் அறையின் உயரம் 2 மீட்டர்தான்.

வெயில்முகம்:

வளைவுக்கு மட்டும் என்றால் முதல் சோதனையைக் காற்றிலேயே செய்யலாம். பெரிலியம் காப்பரில் சுற்றளவுக் கடத்தல் சதுர மீட்டர் டிகிரிக்கு 290 வாட் அளவில் இருக்கிறது, காற்று எடுத்துப்போவது 10. பிழை 3-4 சதவீதம்தான். ஸ்டீலாக இருந்தால் 20 சதவீதம் போயிருக்கும். டேம்பிங் அளக்கக் காற்று உதவாது, அதற்கு 2 மீட்டர்த் துண்டை வெற்றிட அறையில் தொங்கவிடுங்கள்.

தொங்கவிடும்போது 300 கிராமை நுனியில் கட்டாதீர்கள். 3 மீட்டர் ஊசலின் ஈர்ப்பு விறைப்பு உங்கள் பூமின் விறைப்பைவிடவே அதிகம், 12 மி.மீ. என்பது 5-6 மி.மீ. ஆகத்தான் தெரியும். வெறும் பூமை அடி மேலாக, நுனி கீழாகத் தொங்கவிட்டு, லேசர் அளவியால் நுனி நகர்வைப் பாருங்கள். ஹாலஜன் விளக்கின் நிறமாலை சூரியனுடையது போல் இருக்காது, உலோகம் அதைக் குறைவாக உட்கவரும். ஆகவே விளக்கின் வாட்டை நம்பாமல் இரு பக்க வெப்பநிலை வேறுபாட்டை அளந்து அதோடு நகர்வை ஒப்பிடுங்கள். முலாம் இல்லாத பட்டைக்கே அது 1.9 டிகிரிதான், தனித்தனித் தெர்மோகப்பிள் இரண்டு வைத்துக் கழித்தால் பிழையே அந்த அளவு வரும். டி வகையில் 0.08 மி.மீ. கம்பி எடுத்து, இரண்டு முனைகளையும் எதிரெதிராக இணைத்து வேறுபாட்டை நேரடியாக அளங்கள், 1.9 டிகிரிக்கு 75 மைக்ரோவோல்ட் சுமார் கிடைக்கும். முனைகளைப் பட்டையின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் விளக்கு பட்டையை விட்டுவிட்டுப் பசையைத்தான் சுடும்.